நாய், பூனை வச்சிருக்கீங்களா? வாடகை வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி இதைப் படிச்சுக்கங்க

நாய் இருக்குன்னு சொன்னதும் வீடு தர மாட்டேன்னு ஓனர் சொல்லலாமா? சொல்லலாம். செல்லப்பிராணி வச்சிருக்குறவங்களுக்குக் கண்டிப்பா வீடு குடுத்தே ஆகணும்னு தமிழ்நாட்டுல சட்டம் எதுவும் இல்ல. ஆனா குடி வந்த பிறகு கதை வேற, அங்கதான் நம்ம ஆளுங்க தெரியாம ஏமாந்து போறாங்க.

வாடகை விஷயத்துல இப்ப நடப்புல இருக்குறது 2017ல போட்ட நில உரிமையாளர் குத்தகைதாரர் சட்டம், 2019 பிப்ரவரி 22ல இருந்து அமல்ல இருக்கு. இதுபடி காலி பண்ண வைக்கணும்னா ஓனர் வாடகை நீதிமன்றத்துக்குத்தான் போகணும், அதுக்கும் காரணம் வேணும்: ரெண்டு மாச வாடகை பாக்கி வச்சு, நோட்டீஸ் வந்தும் கட்டாம இருக்குறது, ஓனரைக் கேக்காம உள்வாடகைக்கு விடுறது, வீட்டைத் தப்பா பயன்படுத்துறது, இந்த மாதிரி. நாய் வச்சிருக்குறதுன்னு தனியா ஒரு காரணம் அந்தப் பட்டியல்ல கிடையாது. ஆனா அது வீட்டைச் சேதம் பண்ணுது, அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவுன்னு நிரூபிச்சா தப்பான பயன்பாடுன்னு கேஸ் போட வாய்ப்பு இருக்கு, அதனால ராத்திரி முழுக்க குரைக்க விட்டுட்டு சட்டம் பேச முடியாது.

நம்ம ஊர்ல ஓனர் கோர்ட்டுக்கா போறாரு, "நாயைத் தொரத்து, இல்லன்னா நீ கெளம்பு"ன்னு சொல்லிட்டு மோட்டார் சுவிட்சை ஆஃப் பண்ணிடுவாரு. ராமேஸ்வரத்துலயும் மண்டபத்துலயும் காவிரித் தண்ணி வர்ற நேரத்துல குழாயைப் பூட்டிட்டா ஒரு குடும்பம் என்ன பாடு படும்னு சொல்லத் தேவையில்ல. இது சட்டப்படி தப்புங்க. தண்ணி, கரண்ட், கழிவுநீர் வசதி எதையும் ஓனர் நிறுத்தக் கூடாது. நிறுத்துனா வாடகை அதிகாரிகிட்ட (துணை கலெக்டர் ரேங்க்ல இருப்பாரு) மனு குடுங்க, விசாரணை முடியுறதுக்கு முன்னாடியே திரும்பக் குடுக்கச் சொல்லி இடைக்கால உத்தரவு போட அவருக்கு அதிகாரம் இருக்கு. நாய் எப்படி இருக்குன்னு பாக்குறேன்னு ஓனர் திடுதிப்புனு உள்ள வரவும் முடியாது, 24 மணி நேரம் முன்னாடி எழுத்துல சொல்லணும்.

அதனால அக்ரிமென்ட்தான் எல்லாம். "சரி தம்பி வச்சுக்க"ன்னு வாய்ல சொன்னது நாளைக்கு வீடு அவரு மகன் கைக்குப் போச்சுன்னா நிக்காது. "ஒரு நாய், ரெண்டு பூனை வளர்க்க ஓனர் சம்மதிக்கிறார்"னு ஒரு வரி எழுதி வாங்குங்க, பதினோரு மாச அக்ரிமென்டா இருந்தாலும் அரசோட டெனன்சி போர்ட்டல்ல (வாடகை அக்ரிமென்ட் பதியுற வெப்சைட்) பதிவு பண்ணிடுங்க. ஒத்திக்குப் போறவங்களும் பத்திரத்துல இந்த வரியைச் சேத்துக்கங்க, மொத்தக் காசும் அவருகிட்ட மாட்டிக்கிட்டு நிக்கும்போது சண்டை வந்தா ரொம்பக் கஷ்டம்.

அட்வான்ஸ் மூணு மாச வாடகைக்கு மேல கேக்கக் கூடாதுங்குறது பொது விதி, ஆனா கூடக் குடுக்குறேன்னு நீங்களே ஒத்துக்கிட்டு கையெழுத்துப் போட்டா அப்புறம் பேச முடியாது. காலி பண்ணும்போதுதான் பிரச்சனை வரும். கடல்காத்துல இங்க கிரில் கேட்டு அடிப்பக்கம் தானா துருப்பிடிச்சு உதிரும், சுவத்துல உப்புப் பூத்து பெயின்ட் உரியும், அதையெல்லாம் நாய் பிராண்டிடுச்சு, பூனை மூத்திரம் போயிடுச்சுன்னு கணக்கு எழுதி அட்வான்ஸ்ல கழிப்பாங்க. குடி போற அன்னிக்கே கிரில் கேட்டு, கதவோட கீழ்ப்பாகம், சுவர் எல்லாத்தையும் போட்டோ எடுத்து ஓனருக்கே வாட்ஸ்அப்ல அனுப்பிடுங்க, தேதியோட நிக்கும். நெசமாவே நாய் கடிச்ச கதவுன்னா அதுக்கு நீங்கதான் காசு குடுக்கணும், அது நியாயம்.

அபார்ட்மென்ட் அசோசியேஷன் நாயே கூடாதுன்னு விதி போட முடியாது, இந்திய விலங்குகள் நல வாரியம் 2015லயே இதைச் சொல்லியிருக்கு.

இன்னொன்னு, வீடு கிடைக்கணுமேன்னு நாயைக் கொண்டுபோய் தனுஷ்கோடி ரோட்டுல விட்டுட்டு வராதீங்க. சோறு தண்ணி இல்லாம தவிக்கும்னு தெரிஞ்சே விட்டுட்டு வர்றது 1960ம் வருஷ மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். ஓனரோ பக்கத்து வீட்டுக்காரரோ மருந்து வச்சுக் கொன்னா அது இன்னும் பெரிய குற்றம், பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலா வந்த சட்டம்) 325ம் பிரிவுல அஞ்சு வருஷம் வரைக்கும் ஜெயில் இருக்கு, போலீஸ்ல தயங்காம புகார் குடுங்க. உங்க பக்கம் வெறிநாய் தடுப்பூசி வருஷா வருஷம் போட்டு அந்த அட்டையை வச்சிருங்க, வீடு கேக்கப் போகும்போதே காட்டுனா பாதி ஓனருங்க இறங்கி வருவாங்க. கூண்டுல பச்சைக்கிளி வச்சிருந்தா மட்டும் எந்த அக்ரிமென்ட்டும் காப்பாத்தாது, வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி அதை வீட்டுல வளர்க்கவே கூடாது.