சாக்: விமானச் சக்கரத்து முட்டுக்கட்டை

திருச்சியிலோ மதுரையிலோ விமானம் வந்து நின்று, என்ஜின் அணைந்து, வயிற்றடியில் மின்னும் சிவப்பு விளக்கும் ஓய்ந்த பிறகு, ஒளிரும் சட்டை போட்ட ஊழியர் ஒருவர் குனிந்தபடி முன்சக்கரத்தை நோக்கிப் போவார். கையில் கயிறு கோத்த இரண்டு மஞ்சள் கட்டைகள் இருக்கும். ஒன்றைச் சக்கரத்துக்கு முன்னாலும் மற்றதைப் பின்னாலும் வைப்பார். வைத்தாயிற்று என்பதை விமானிக்குச் சைகையால் சொல்ல வேண்டும்: இரு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி, கையிலுள்ள சைகைக் கோல்களை உள்நோக்கிக் குத்துவதுபோல் அசைத்து ஒன்றோடொன்று தொடச் செய்வார்கள். வெளிநோக்கி அசைத்தால் எடுத்தாயிற்று என்று பொருள்.

அந்தக் கட்டைக்கு விமானத் துறையில் பெயர் சாக் (chock). மரத்துண்டைக் குறித்த ஒரு பழைய வடபிரெஞ்சுச் சொல்லிலிருந்து இது ஆங்கிலத்துக்கு வந்திருக்கலாம் என்று அகராதிகள் சொல்கின்றன. தொடக்க கால விமானங்களில் சக்கரத்துக்கு பிரேக்கே கிடையாது. என்ஜின் முழு வேகத்தில் சுழன்றுகொண்டிருக்க, விமானத்தைப் பிடித்து நிறுத்தியது இந்தக் கட்டை மட்டும்தான். விமானி கையசைத்ததும் கீழே நிற்பவர்கள் கயிற்றைப் பிடித்து இழுத்துவிடுவார்கள். இரண்டாம் உலகப் போருக்குள் பிரேக் வந்துவிட்டது. ஆனாலும் கட்டை போகவில்லை. 

பிரேக் இருக்கும்போது கட்டை எதற்கு? நிறுத்து பிரேக்கைப் பிடித்துக்கொண்டிருப்பது ஹைட்ராலிக் அழுத்தம். என்ஜின் நின்ற பிறகு, அழுத்தத்தைச் சேர்த்துவைக்கும் சேமக்கலத்தில் தேங்கியதுதான் அந்த வேலையைச் செய்கிறது. மணிக்கணக்கில் நின்றால் அது மெல்ல இறங்கிவிடும். இரவு முழுக்க நிற்கும் விமானத்தை அதை நம்பி விட முடியாது. இன்னொன்று, தரையிறங்கிய சூட்டில் பிரேக் தட்டுகள் கொதித்துக்கொண்டிருக்கும். அவை ஆறுவதற்காகக் கட்டை வைத்த பிறகு விமானியே பிரேக்கைத் தளர்த்திவிடுவதும் உண்டு. அப்போது விமானம் நிற்பது முழுக்கக் கட்டையின் பொறுப்பில். விமானம் நிற்கும் தளமும் அச்சடித்த சமதளம் அல்ல. மழைநீர் வடியச் சாய்வு வேண்டும். அது 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது சர்வதேசப் பரிந்துரை. 100 மீட்டருக்கு 1 மீட்டர் இறக்கம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் முழுச் சுமையில் 70 டன்னைத் தாண்டும் ஏ320 விமானத்துக்கு அது தெரியும். காற்றும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

கட்டையை டயரோடு நெருக்கித் திணிக்கவும் மாட்டார்கள். எரிபொருளும் பெட்டிகளும் ஏற ஏற எடை கூடி டயர் பிதுங்கும். கட்டை அடியில் சிக்கிக்கொண்டால் புறப்படும் நேரத்தில் பிடுங்க முடியாது. அதனால் சிறு இடைவெளி விடுவார்கள்.

இனி தமிழ்ப் பெயர். 'சாக்' என்று தமிழில் எழுதினால் வகுப்பறைச் சுண்ணாம்புக் குச்சியும் அதே எழுத்தில்தான் வருகிறது. 'சோக்' என்றால் டியூப்லைட். 'சக்கரத் தடுப்பு' என்று சிலர் எழுதுகிறார்கள். பிரேக்குக்கும் அது பொருந்துவதால் குழப்பம். அச்சாணி சக்கரம் கழலாமல் காப்பது, உருளாமல் காப்பது அல்ல. ஆப்பு பிளப்பதற்கு அடிப்பது. இவை எதுவும் ஒத்துவராது.

நம்மிடம் இதற்கென்றே ஒரு சொல் இருக்கிறது. பிள்ளையார்பட்டியில் சதுர்த்தித் திருவிழாத் தேரைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தேரோட்டத்தில் கண் முழுக்க வடத்தின் மேலேயே இருக்கும். உண்மையில் உயிரைக் கையில் பிடித்து வேலை செய்கிறவர்கள் சக்கரத்தருகே குனிந்து போகிறவர்கள். தேர் வேகம் எடுத்தால் சக்கரத்தடியில் கட்டையைச் சொருகித் தணிப்பார்கள். திருப்பத்தில் பார்த்து ஒரு பக்கம் சொருகித் தேரைத் திருப்புவார்கள். நிலைக்கு வந்ததும் அசையாமல் நிறுத்துவதும் அதுதான். அதன் பெயர் முட்டுக்கட்டை. விமானத்துக்கடியில் குனிகிறவரும் இதே வேலையைத்தான் செய்கிறார்.

முட்டு என்றால் தாங்கல், எதிர்த்து நிற்பது. கட்டை, மரத்துண்டு. இப்போது ரப்பரிலும் அலுமினியத்திலும் வார்க்கிறார்கள் என்பதால் கட்டை என்று சொல்லக் கூடாதா என்றால், ஆங்கிலக்காரர் பெயரை மாற்றவில்லையே. காரைக்குடியில் சரக்கு லாரி ஓட்டுபவர் மேட்டில் வண்டியை நிறுத்திவிட்டு, "பின்னாடி கட்டையப் போடு" என்பார். "டயருக்கு முட்டுக் குடு" என்பாரும் உண்டு. யாருக்கும் விளக்கம் தேவைப்படுவதில்லை.

ஒரு தடை சொல்லப்படுகிறது: முட்டுக்கட்டை போடுவது என்றால் நல்ல காரியத்தைக் கெடுப்பது என்று ஆகிவிட்டதே என்கிறார்கள். அந்தப் பொருள் பின்னால் ஏறியது. ஓட வேண்டியதை நிறுத்துவதுதான் கெடுதல். நிற்க வேண்டியது உருண்டு ஓடாமல் காப்பது பாதுகாப்பு. தேவைப்பட்டால் 'சக்கர முட்டுக்கட்டை' என்று எழுதலாம், ஐயமே வராது.

வினையாக்குவதும் எளிது: முட்டு வை, முட்டு எடு. விமானத் துறையில் பறப்பு நேரத்தைக் கட்டை எடுத்ததிலிருந்து கட்டை வைத்தது வரை என்றே பேச்சு வழக்கில் கணக்கிடுவார்கள். கால அட்டவணையும் இப்படித்தான். அவற்றை 'முட்டு எடுத்த நேரம்', 'முட்டு வைத்த நேரம்' என்று எழுதினால் போதும்.