ஃபிரிட்ஜில் ஒரு போத்தல் கடல் தண்ணீர்

சென்ற பள்ளி விடுமுறையில் ஓர் அம்மா தன் மகனைக் கிளினிக்குக் கூட்டி வந்தார். 17 வயது, மலேசியாவின் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுதப் போகிறவன். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) கன்னம் இரண்டிலும் பரு. மூக்கோரத்தில் தோல் வறண்டு செதில் செதிலாக உரிந்திருந்தது. என்ன போடுகிறாய் என்று கேட்டால் பையன் வாய் திறக்கவில்லை. "ஒன்னுமே போடல டாக்டர், இயற்கைதான்" என்றார் அம்மா.

கொஞ்சம் துருவிக் கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. பினாங்கின் பத்து ஃபெரிங்கி கடற்கரையில் 1.5 லிட்டர் போத்தலில் தண்ணீர் பிடித்து வந்து ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறார்கள். காலையும் இரவும் பஞ்சில் நனைத்து முகத்தில் தடவி, கழுவாமல் காயவிடுகிறார்கள். மூன்று வாரமாக இதே வைத்தியம்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடலில் முங்கினால் சொறி சிரங்கு போகும் என்று பாட்டிமார் சொல்லக் கேட்டு வளர்ந்தவன்தான் நானும். முதல் சில நாள் பலன் இருப்பதுபோலத் தெரியும் என்பதும் உண்மை. கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு. மருத்துவமனையில் ஏற்றும் டிரிப் உப்புநீரில் 9 கிராம்தான். அவ்வளவு உப்பு முகத்தில் காயும்போது மேல்தோலின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். எண்ணெய் வழிகிற முகம் இறுகும், மேலே இருக்கிற பரு சற்றுச் சுருங்கும். அதைப் பார்த்துவிட்டு 'பரு காய்கிறது' என்று நம்பிவிடுகிறோம்.

பரு பிறக்கும் இடம் மேல்தோல் இல்லை. முடிக்கால் குழியில் எண்ணெய் அதிகமாகச் சுரந்து, செத்த செல்கள் வாயை அடைத்து, உள்ளே கியூட்டிபாக்டீரியம் ஆக்னெஸ் என்ற கிருமி பெருகி, உடம்பு அதோடு சண்டை போடும்போதுதான் பரு சிவந்து வீங்குகிறது. அந்த ஆழத்துக்குக் கடல்நீர் போவதில்லை. போகாத இடத்தில் நன்மை செய்யாமல், போகிற இடத்தில் கெடுதல் செய்கிறது. தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை கொண்டது, பி.எச். ஏறக்குறைய 5. கடல்நீர் 8-க்குச் சற்று மேல், அதாவது காரத்தன்மை கொண்டது. வறண்டு எரிச்சல் கண்ட தோல் பரு மருந்தையும் தாங்காது. இந்தப் பையனுக்கு ஏற்கெனவே யாரோ எழுதிக் கொடுத்த கிரீம் இருந்தது. எரிகிறது என்று அதை நிறுத்திவிட்டு, எரியவைத்த தண்ணீரைத் தொடர்ந்திருக்கிறார்கள்!

"சாக்கடல் தண்ணிய மட்டும் டாக்டருங்களே சொல்றாங்களே?" என்று அந்த அம்மா வாட்ஸ்அப்பில் வந்ததைக் காட்டினார். நியாயமான கேள்விதான். சாக்கடலின் உப்பு நம் கடலைப்போல ஏறக்குறைய பத்து மடங்கு, அதிலும் மக்னீசியம் மிக அதிகம். நம் கடலில் இருப்பது பெரும்பாலும் சமையல் உப்பு. 2005-இல் வெளியான ஒரு ஜெர்மன் ஆய்வு, சாக்கடல் உப்புக் கரைசலில் கையை நனைத்தபோது வறண்ட ஒவ்வாமைத் தோல் தேறியதாகச் சொன்னது. பரு அதில் பேச்சே இல்லை. சொரியாசிஸ் நோயாளிகள் அங்கே போவதற்கு வெயிலும் ஒரு காரணம். கடல்மட்டத்துக்கு 400 மீட்டருக்கும் கீழே இருப்பதால் அங்கே சுடும் கதிர்கள் வடிகட்டப்பட்டு விழுகின்றன.

நம் வெயில் அப்படியா? பினாங்கு நிலநடுக்கோட்டிலிருந்து 5 பாகைதான். உச்சிப்பொழுதில் புற ஊதாக் குறியீடு 11-ஐத் தாண்டுவது சர்வசாதாரணம். மேகம் போட்டிருந்தாலும், கழுத்தளவு தண்ணீரில் நின்றாலும் அது விடாது. கடலுக்குப் போய் வந்தவர்களிடம் நான் பார்க்கும் கெடுதலில் பாதிக்கு மேல் இந்த வெயிலின் வேலை. முகம் கறுத்ததும் பருவின் சிவப்பு கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். 1972-இலேயே டென்மார்க் மருத்துவர்கள், ஸ்பெயினின் மயோர்க்கா தீவுக்கு விடுமுறை போய் வெயிலில் இருந்துவிட்டு வருகிறவர்களுக்கு வரும் ஒருவகைப் பருவை எழுதிவைத்தார்கள். நம் மாநிறத் தோலுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு: பரு போன இடத்தில் கறுப்பு அடையாளம் தங்கும், வெயில் பட்டால் அது மாதக்கணக்கில் மறையாது. அப்புறம் அதற்கு பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் வெள்ளையாக்கும் கிரீம் வாங்குவார்கள். அப்படிப்பட்ட கிரீம்களில் பாதரசம் கண்டுபிடித்து சுகாதார அமைச்சு எத்தனையோ முறை எச்சரித்தாகிவிட்டது. அது தனிக் கதை, இன்னொரு நாள் எழுதுகிறேன்.

பருவுக்கு டாக்சிசைக்ளின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கடற்கரையில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அரைமணி வெயிலிலேயே தோல் வெந்ததுபோல ஆகலாம். கடுமையான பருவுக்குத் தரும் ஐசோட்ரெட்டினாய்ன் மாத்திரை எடுப்பவர்களுக்கும் தோலும் உதடும் ஏற்கெனவே வறண்டிருக்கும்.

இன்னொரு கூட்டம் உண்டு. கடலில் குளித்த ஈரச் சட்டையோடு, தீவின் உள்ளே இருக்கும் ஆயர் ஈத்தாம் வரை காரில் உட்கார்ந்து போகிறவர்கள். ஓரிரு நாளில் நெற்றி, மார்பு, முதுகில் ஒரே அளவில் குட்டிக் குட்டியாகப் பொரி, நல்ல அரிப்பு. பரு பெரும்பாலும் அப்படி அரிக்காது. இது தோலில் வாழும் ஈஸ்ட் காளான் செய்வது. பரு கிரீம் தடவினால் கேட்காது, காளான் மருந்துதான் வேண்டும்.

கடலுக்குப் போகாதே என்று நான் யாரையும் தடுப்பதில்லை. கனமழை பெய்த மறுநாள் மட்டும் வேண்டாம், ஆறும் கால்வாயும் கொண்டு வந்து கொட்டியதெல்லாம் கரையோரம்தான் நிற்கும். கிள்ளிய பரு புண்ணாக இருந்தால் ஆறட்டும். சர்க்கரை நோயோ கல்லீரல் நோயோ உள்ளவர்கள் திறந்த காயத்தோடு கடலில் இறங்கவே கூடாது. முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து இரண்டு விரல் நீளம் சன்ஸ்கிரீன், துண்டால் துடைத்ததும் மறுபடி ஒருமுறை. கரையேறியதும் நல்ல தண்ணீரில் கழுவி, எண்ணெய்ப் பசையில்லாத மாய்ஸ்சரைசர். உப்பையோ மணலையோ 'ஸ்கிரப்' என்று முகத்தில் தேய்க்கிறவர்களை நினைத்தால்தான் எனக்குக் கோபம் வருகிறது.

பையனுக்கு மென்மையான ஃபேஸ்வாஷ், மாய்ஸ்சரைசர் மட்டும் கொடுத்து இரண்டு வாரம் தோலை ஆறவிட்டேன். பிறகு இரவில் அடாபலீன், பென்சாயில் பெராக்சைடு கலந்த ஜெல். ஆரம்பத்தில் கொஞ்சம் கூடுவதுபோல இருக்கும், 12 வாரம் பொறுக்க வேண்டும் என்று அம்மாவிடம் இரண்டு முறை சொன்னேன். அடுத்த முறை வந்தபோது செதில் இல்லை, பருவும் அடங்கத் தொடங்கியிருந்தது. அம்மா பணம் கட்ட வெளியே போன சமயம் பார்த்து, "பரீட்சை முடிஞ்சதும் கூட்டாளிங்களோட கடலுக்குப் போலாமா டாக்டர்?" என்று கேட்டான். நம் நாட்டில் சூரியன் உச்சிக்கு வருவதே ஒரு மணிக்கு மேல்தான்.

"சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல போ தம்பி. அந்தப் போத்தல கொண்டு போகாத."