கனமான ஸ்ட்ரிங் போட்டால் சவுண்ட் கூடுமா?

"கிட்டாரில் ஏதோ கோளாறு" என்று என் பட்டறைக்கு வரும் எலெக்ட்ரிக் கிட்டார்களில் பலவற்றில் கிட்டார் நன்றாகத்தான் இருக்கிறது. மாட்டியிருக்கும் ஸ்ட்ரிங்தான் பொருந்தவில்லை. யாரோ "10 போடு, 11 போடு, சவுண்ட் பெருசா வரும்" என்று சொல்லியிருப்பார்கள். விரல் நோக நோக வாசித்துவிட்டு, தனக்குத்தான் வரவில்லை என்று அந்தப் பையனோ பெண்ணோ மனம் தளர்ந்திருப்பார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பாக்கெட்டில் 10 என்று இருந்தால், மிக மெல்லியதான முதல் ஸ்ட்ரிங்கின் தடிமன் (கேஜ்) ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 10 பங்கு. கிட்டத்தட்ட கால் மில்லிமீட்டர். வழக்கமான 10 செட்டில் 10, 13, 17, 26, 36, 46 என ஆறு ஸ்ட்ரிங் இருக்கும். 9 செட்டில் 9, 11, 16, 24, 32, 42. பார்க்க ஒன்றுமில்லாத வித்தியாசம். ஆனால் ஸ்ட்ராட்டோகாஸ்டர் (சுருக்கமாக ஸ்ட்ராட்) மாதிரி 25.5 அங்குல ஸ்கேல், அதாவது ஸ்ட்ரிங் அதிரும் நீளம், உள்ள கிட்டாரில், வழக்கமான டியூனிங்கில், 9 செட் மொத்தமாக 38 கிலோ அளவுக்கு நெக்கை இழுக்கும். 10 செட் 46 கிலோவை ஒட்டி இழுக்கும். அந்தக் கூடுதல் எட்டுக் கிலோவும் நெக்கின் மேலும் உங்கள் விரலின் மேலும்தான் இறங்குகிறது.

அந்த எண் மட்டும் முழுக்கதையைச் சொல்லாது. லெஸ் பால் என்ற இன்னொரு மாடலின் ஸ்கேல் 24.75 அங்குலம். நீளம் குறைந்தால் அதே சுருதிக்கு இழுவிசை குறைவாகவே போதும். இங்கே ஏறக்குறைய 6 சதவீதம் குறைகிறது. லெஸ் பாலில் 10 செட் போட்டு சுகமாக வாசித்தவர், ஸ்ட்ராட்டில் அதே செட்டை மாட்டியதும் "பெண்ட் பண்ணவே (ஸ்ட்ரிங்கை விரலால் தள்ளி சுருதியை ஏற்றவே) முடியலையே" என்பது இதனால்தான். டியூனிங்கும் அப்படியே. எல்லா ஸ்ட்ரிங்கையும் அரை ஸ்வரம் இறக்கினால் இழுவிசை சுமார் 11 சதவீதம் குறைந்துவிடும்.

ப்ளூஸ் கிட்டாரிஸ்ட் ஸ்டீவி ரே வான் 13 செட் போட்டார் என்பது எல்லாருக்கும் தெரியும். அவர் அரை ஸ்வரம் இறக்கி E ஃப்ளாட்டில் டியூன் செய்திருந்தார் என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. பிளாக் சபாத் என்ற ஹெவி மெட்டல் குழுவின் கிட்டாரிஸ்ட் டோனி அயோமியைப் பாருங்கள். பர்மிங்ஹாமில் தொழிற்சாலை விபத்தில் வலது கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர். இடக்கைக்காரர் என்பதால் நெக்கில் ஸ்ட்ரிங்கை அழுத்தும் கையே அதுதான். வலி தாங்குவதற்காக மெல்லிய ஸ்ட்ரிங்குக்குப் போனார், பிறகு டியூனிங்கையும் இறக்கினார். பிளாக் சபாத்தின் அந்தக் கனத்த ஓசை மெல்லிய ஸ்ட்ரிங்கில் வந்தது. தடித்த ஸ்ட்ரிங்கில், அதன் அதிர்வைக் காந்தத்தால் பிடிக்கும் பிக்கப்புக்குக் கொஞ்சம் கூடுதல் சிக்னல் கிடைக்கும், உண்மைதான். ஆனால் அந்த அளவைப் பிக்கப் ஸ்க்ரூவைக் கொஞ்சம் திருகி உயர்த்தியே பெற்றுவிடலாம்.

என்னைக் கேட்டால், புதிதாகக் கற்பவருக்கு ஸ்ட்ராட் வகையில் 9, லெஸ் பால் வகையில் 10. கச்சேரியிலும் சர்ச்சிலும் அழுத்தி ரிதம் அடிப்பவர்கள் 10 போடலாம். லீடும் வாசிப்பவர்களுக்கு 9-46 கலப்பு செட் (மெல்லிய மூன்றும் 9 செட்டிலிருந்து, தடித்த மூன்றும் 10 செட்டிலிருந்து) நல்ல வழி. C வரை இறக்கி வாசிப்பவர்களுக்குத்தான் 11, 12 எல்லாம் தேவை. அங்கே மெல்லிய ஸ்ட்ரிங் தொளதொளவென்று ஆடும்.

உலோகத்தில் ரொம்பக் குழம்ப வேண்டாம். நிக்கல் பூசிய ஸ்டீல் பெரும்பாலானவர்களுக்குப் போதும். சுத்த நிக்கல் கொஞ்சம் மென்மையாக ஒலிக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பளிச்சென்று கேட்கும், ஆனால் நெக்கின் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கம்பிகள், அதாவது ஃப்ரெட், சீக்கிரம் தேயும். கடையில் மட்டும் "எலெக்ட்ரிக்" என்று சொல்லிக் கேளுங்கள். வெறுமனே "கிட்டார் ஸ்ட்ரிங்" என்றால் அக்கூஸ்டிக் செட்டை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அதில் சுற்றியிருக்கும் வெண்கலத்துக்குக் காந்தத்தன்மை கிடையாது. சுற்று இல்லாத முதல் இரண்டு ஸ்டீல் ஸ்ட்ரிங் கத்தும், மற்ற நாலும் அமுங்கிப்போகும். இதைப் பிக்கப் கோளாறு என்று நினைத்து பிக்கப்பையே மாற்றக் கிளம்பியவர்கள் உண்டு.

கேஜ் மாற்றினால் செட்-அப்பும் மாற்ற வேண்டும். நெக்கின் தலைமாட்டில் ஸ்ட்ரிங்கைத் தாங்கும் சிறு பட்டைதான் நட். 42-க்கு வெட்டிய நட் பள்ளத்தில் 46 முழுதாக உட்காராது. டியூனரைத் திருகும்போது நட்டிலிருந்து "டிக்" என்று ஒரு சத்தம் வந்து சுருதி குதித்தால், ஸ்ட்ரிங் அங்கே சிக்கிக்கொண்டு திடீரென்று விடுபடுகிறது என்று அர்த்தம். அப்புறம் நெக். ஆறாம் ஸ்ட்ரிங்கை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் அழுத்திக்கொண்டு ஏழாம் ஃப்ரெட் பக்கம் பாருங்கள். ஸ்ட்ரிங்குக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே கால் மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் சரி. அதைவிட நன்றாகத் தெரிகிற மாதிரி இடைவெளி விழுந்திருந்தால் நெக் வளைந்திருக்கிறது, நெக்குக்குள் இருக்கும் கம்பியான டிரஸ் ராடை இறுக்க வேண்டும். பழக்கமில்லாதவர்கள் அதில் கை வைக்காதீர்கள். பழகியவர்களும் ஒரு தடவைக்குக் கால் திருகுக்கு மேல் போக வேண்டாம். மிதக்கும் டிரெமலோ (ஸ்பிரிங்கில் நிற்கும், அசையும் பிரிட்ஜ்) என்றால் தடித்த ஸ்ட்ரிங்குக்குப் பிரிட்ஜே முன்பக்கம் சாய்ந்துகொள்ளும், பின்னால் ஸ்பிரிங்கை இறுக்க வேண்டும். கடைசியில் இன்டோனேஷன், அதாவது நெக் முழுக்கச் சுருதி சரியாக வருகிறதா என்று பார்த்துச் சரிசெய்வது.

சென்னை வியர்வைக்கும் உப்புக்காற்றுக்கும் எந்த ஸ்ட்ரிங்கும் சீக்கிரம் துருவேறும். வாசித்து முடித்ததும் காய்ந்த துணியால் ஸ்ட்ரிங்கின் அடிப்பக்கத்தையும் சேர்த்துத் துடையுங்கள். கை அதிகம் வியர்ப்பவர்களுக்கு, விலை கூடினாலும், கோட்டிங் உள்ள ஸ்ட்ரிங் கட்டுப்படியாகும்.

சர்வீஸுக்குக் கொடுக்கும்போது எந்த செட், எந்த டியூனிங் என்று ஒரு சீட்டில் எழுதி கேஸுக்குள் போட்டுவிடுங்கள். அதைப் பார்த்துத்தான் நாங்கள் நெக்கைச் சரிசெய்வோம்.