பிரேக் ஆயிலுக்குள் புகும் கடற்காற்று

புதுச்சேரி லாஸ்பேட்டையைச் சேர்ந்த வாசகர் ஒருவர், பழைய போர்ஷே 911 ஒன்றை வாங்கி, என்ஜின் ஆயில், ஏர் ஃபில்டர், பிரேக் பேட் போன்றவற்றை மாற்றும் வழக்கமான வேலைகளைத் தம் வீட்டுப் போர்டிகோவிலேயே செய்துவருகிறார். அவருடைய கார் பெரும்பாலான நாட்கள் உறை போர்த்தி நிற்கிறது. எப்போதாவது கிழக்குக் கடற்கரைச் சாலையிலும், ஆண்டில் ஓரிரு முறை கொல்லிமலை, ஏற்காடு போன்ற மலைகளிலும் ஓடுகிறது. எத்தனை கிலோமீட்டர் ஓடியிருந்தாலும் சரி, இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை முழுவதுமாக மாற்ற வேண்டும் என்று போர்ஷே சொல்வது ஏன், ஓடாத காரில், சொட்டுக் கசிவும் இல்லாத குழாய்க்குள் இருக்கும் திரவம் எப்படிக் கெட்டுப்போகும், மாற்றத்தான் வேண்டுமென்றால் அதையும் தாமே செய்துகொள்ளலாமா என்று கேட்டிருக்கிறார். நின்றிருக்கும் காரிலும் அது கெடும், கடலோர ஊரில் கூடுதலாகவே கெடும். அவரே மாற்றிக்கொள்ளவும் முடியும்.

மூடிய திரவத்தில் ஓரிடத்தில் தரும் அழுத்தம் எல்லாப் பக்கமும் பரவும் என்ற பாஸ்கல் விதியைப் பள்ளியில் படித்திருக்கிறோம். மிதியில் கால் தரும் அழுத்தம் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து திரவத்தின் வழியே நான்கு சக்கரங்களின் காலிப்பர்களுக்கும் சென்று, பேடுகளைச் சுழலும் டிஸ்க்கின்மேல் நெருக்குகிறது. திரவம் அமுங்காது என்ற ஒற்றை நம்பிக்கையின் மேல்தான் இந்த ஏற்பாடு முழுவதும் நிற்கிறது. காரின் இயக்க ஆற்றல் உராய்வில் வெப்பமாக மாறி, டிஸ்க்கிலிருந்து பேடுக்கும், பேடிலிருந்து காலிப்பருக்கும், அங்கிருந்து திரவத்துக்கும் பரவுகிறது. 1600 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்கும்போது ஏறக்குறைய 6 லட்சம் ஜூல் வெப்பம் வெளிப்படும். அதே கார் 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைச் சாலையில் 1000 மீட்டர் உயரம் கீழே இறங்கும்போது இழக்கும் நிலையாற்றல் ஒன்றரைக் கோடி ஜூலுக்கு மேல். கியரைக் குறைத்து என்ஜினின் இழுவையைப் பயன்படுத்தாமல் பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கினால், நெடுஞ்சாலை வேகத்திலிருந்து இருபத்தைந்து முறை அடுத்தடுத்து நிறுத்தியதற்குச் சமமான வெப்பத்தை அந்த நான்கு டிஸ்க்குகளும் வாங்க நேரிடும்.

இந்த வெப்பத்தைத் தாங்க வேண்டிய பிரேக் ஆயிலில் பெரும்பகுதி கிளைக்கால் ஈதர் வகைச் சேர்மங்கள்தாம். நீர் மூலக்கூறுகளோடு ஹைட்ரஜன் பிணைப்பு ஏற்படுத்திக்கொள்ளும் இயல்புடையவை ஆதலால், ஐப்பசி மழையில் அடுப்படிக் கல்லுப்பு நீர்த்துப்போவதைப் போல இந்தத் திரவமும் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். பிரேக் ஆயில் ஊற்றும் மேல்தொட்டியின் மூடியில் உள்ள காற்றுத் துளை ஒரு வழி. என்னை வியக்கவைப்பது இன்னொரு வழி: சக்கரத்துக்கு அருகில் வளைந்து செல்லும் ரப்பர் ஹோஸின் சுவரை ஊடுருவியே நீர் உள்ளே வந்துவிடுகிறது. பிரேக் மிதிக்கும்போது ஹோஸின் உள்ளே வளிமண்டல அழுத்தத்தைப் போலப் பல பத்து மடங்கு அழுத்தம் இருக்கும். ஆனாலும் நீர் வெளியிலிருந்து உள்ளேதான் நகர்கிறது. ஏனெனில் விரவலை, அதாவது மூலக்கூறுகள் தாமாகப் பரவி நகர்வதை, தீர்மானிப்பது திரவத்தின் மொத்த அழுத்தம் அன்று, இரு பக்கங்களிலும் நீருக்கு உள்ள நாட்டமே. வெளியே புதுச்சேரியின் ஈரக் காற்று, உள்ளே நீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும் திரவம் என்னும்போது அது செல்லும் திசை ஒன்றே. ஹோஸ் காலிப்பரை ஒட்டி இருப்பதாலும், பிரேக் ஆயில் என்ஜின் ஆயிலைப் போலச் சுற்றிவராமல் இருந்த இடத்திலேயே சற்று முன்னும் பின்னும் அசைவதாலும், வெப்பம் மிகுந்த காலிப்பர்ப் பகுதியில் மேல்தொட்டியில் இருப்பதைவிட அதிக நீர் சேர்ந்திருக்கக்கூடும். தொட்டியில் நிறம் பார்த்து முடிவுசெய்வதும், தொட்டித் திரவத்தை மட்டும் உறிஞ்சி எடுத்துப் புதியதை ஊற்றுவதும் போதாது என்பதற்குக் காரணம் இதுவே.

நீர் சேர்ந்தால் கொதிநிலை இறங்கும். பிரேக் ஆயிலின் தரவகைகளில் ஒன்றான டாட் 4 வகைத் திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும், 3.7 விழுக்காடு நீர் சேர்ந்த நிலையில் 155 டிகிரி தாங்கினால் போதும் என்பது தரவிதி. டாட் 3 வகைக்கு இந்த எண்கள் 205, 140. நான்கு விழுக்காட்டுக்கும் குறைவான நீர் இவ்வளவு பெரிய வீழ்ச்சியை ஏற்படுத்துவது எப்படி என்று முதலில் தோன்றும். நீர் மூலக்கூறு மிக இலேசானது என்பதில் விடை இருக்கிறது. நீரின் மூலக்கூறு எடை 18; இத்திரவங்களில் பயன்படும் டிரை எத்திலீன் கிளைக்கால் மோனோ மெத்தில் ஈதரின் மூலக்கூறு எடை 164. நூறு கிராம் கலவையில் 3.7 கிராம் நீர் என்றால் எடையில் அது அற்பமாகத் தெரியும். மூலக்கூறுகளை எண்ணினால் ஏறக்குறைய நான்கில் ஒன்று நீர். ஆவி அழுத்தம் எடையைப் பார்ப்பதில்லை, மூலக்கூறுகளின் விகிதத்தையே பார்க்கிறது. மேல்நிலைப் பள்ளி வேதியியலில் வரும் ரௌல்ட் விதி சொல்வது இதைத்தான். 140 டிகிரியில் தூய நீரின் ஆவி அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல 3.6 மடங்கு. அதில் நான்கில் ஒரு பங்கை எடுத்தால் வருவது கிட்டத்தட்ட ஒரு வளிமண்டல அழுத்தம், அதாவது கொதிநிலை. இக்கலவை அவ்விதிக்கு முழுமையாகக் கட்டுப்படும் இலட்சியக் கரைசல் அன்று. இருந்தும், ஒரு பெருக்கல் கணக்கு டாட் 3 வகையின் தரவிதி எண்ணுக்கு இவ்வளவு அருகில் கொண்டுபோய் நிறுத்துவது எனக்குப் பேரின்பம் தருகிறது.

டாட் 4 மேலும் ஒரு படி செல்கிறது. அதில் உள்ள போரேட் எஸ்டர்கள் என்னும் சேர்மங்கள் உள்ளே வரும் நீரோடு வினைபுரிந்து அதைப் பிணைத்துக்கொள்வதால், அந்த நீர் ஆவியாவதற்குத் தனியாகக் கிடைப்பதில்லை. எஸ்டர் தீரும்வரைதான் இந்தப் பாதுகாப்பு. நீரை ஏற்காத திரவத்தையே பயன்படுத்தலாமே என்று கேட்கலாம். சிலிக்கோனால் ஆன டாட் 5 அப்படிப்பட்டதுதான். ஆனால் அதற்குள் வந்த நீர் கரையாமல் தாழ்ந்த இடத்தில், அதாவது காலிப்பரில், தனித்துளியாகத் தேங்கி அங்கே துருவை உண்டாக்கும், 100 டிகிரியிலேயே கொதிக்கவும் செய்யும். ஈரத்தை உறிஞ்சிப் பரப்பிவைப்பது கிளைக்கால் திரவத்தின் குறையன்று. தெரிந்தே தேர்ந்தெடுக்கப்பட்ட பண்பு.

பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்கும்போது திரவம் பெரும்பாலும் கொதிப்பதில்லை என்பது பலருக்கும் வியப்பாக இருக்கும். மிதியின் அழுத்தமே கொதிநிலையை உயர்த்திப் பிடித்திருக்கிறது. வளைவைக் கடந்து காலை எடுத்தவுடன் அழுத்தம் வளிமண்டல அளவுக்கு இறங்க, டிஸ்க்கின் வெப்பமோ பேடுகளின் வழியே இன்னும் வந்துகொண்டிருக்க, அந்த இடைவெளியில்தான் குமிழ்கள் பிறக்கின்றன. ஒரு கிராம் நீர் ஆவியானால் ஒன்றரை லிட்டருக்கும் மேல் இடம் பிடிக்கும். மாஸ்டர் சிலிண்டர் ஒரு மிதிக்கு நகர்த்தும் திரவமோ சில மில்லிலிட்டர்தான். அடுத்த வளைவில் மிதித்தால், மிதியின் பயணம் முழுவதும் அந்த ஆவியை அமுக்குவதிலேயே செலவாகி, மிதி தரையைத் தொட்டுவிடும். விலை உயர்ந்த கார்பன் செராமிக் டிஸ்க் பொருத்திய காருக்கும் இதில் விலக்கு இல்லை. டிஸ்க் எதுவானாலும் அதை இயக்கும் திரவம் இதே வேதியியலுக்குக் கட்டுப்பட்டதுதான்.

இங்கே என் கருத்து ஒன்றைச் சொல்ல வேண்டும். கடலூர், புதுச்சேரி போன்ற கடலோர ஊர்களின் கார்களில் ஆண்டுக்கு எவ்வளவு நீர் சேர்கிறது என்று அளப்பது கடினமன்று. பணிமனைகளில் கழித்துவிடும் பழைய திரவத்தை வாங்கி, நீரின் அளவைக் கண்டறிய 1935 முதல் வழக்கில் உள்ள கார்ல் ஃபிஷர் தரம்பார்த்தல் முறையில் சோதித்தால் போதும். காலாப்பட்டில் உள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர்களால் ஓர் இறுதியாண்டு ஆய்வாகவே இதைச் செய்துவிட முடியும். பெரும் பெயர் தரும் ஆய்வுகளுக்குக் கிடைக்கும் நிதியில் ஒரு சிறு துளியேனும் இத்தகைய எளிய, உள்ளூர் அளவீடுகளுக்கு ஒதுக்கப்பட வேண்டும் என்பதை உறுதியாக நம்புகிறேன்.

இனி வேலைக்கு வருவோம். காரை ஜாக்கியில் மட்டும் நிறுத்திவிட்டு அருகில் உட்காரக் கூடாது. உற்பத்தியாளர் குறிப்பிட்ட இடங்களில் ஸ்டாண்டு கொடுத்த பிறகே சக்கரத்தைக் கழற்ற வேண்டும். கையேட்டில் சொன்ன தரத்தில், மூடி முத்திரை உடையாத புதிய டின்னாக வாங்க வேண்டும். மேல்தொட்டியைப் புதிய திரவத்தால் நிரப்பி, ஒவ்வொரு காலிப்பரிலும் திரவத்தை வடிப்பதற்கென்று உள்ள ப்ளீடர் நிப்பிளில் தெளிந்த குழாயைச் செருகி, கையேடு சொல்லும் வரிசையில், குமிழற்ற புதுத் திரவம் வரும்வரை வடிக்க வேண்டும். இந்தக் காரைப் போல இருபுறமும் பிஸ்டன் உள்ள காலிப்பர்களில் உட்பக்கத்துக்கும் வெளிப்பக்கத்துக்கும் தனித்தனி நிப்பிள்கள் இருக்கும். இரண்டையும் திறந்து வடிக்க வேண்டும். இடையில் தொட்டி காலியாகிக் காற்று புகுந்துவிட்டால், சக்கரங்கள் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் பகுதியில் சிக்கிய காற்றை வெளியேற்றக் கணினிக் கருவி தேவைப்படலாம். அந்நிலையில் காரை ஓட்டாமல் பணிமனையின் உதவியை நாடுவதே சரி. பெயிண்டின்மேல் சிந்தினால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும், இல்லையென்றால் பெயிண்ட் உரியும். என்ஜின் ஆயில் தொட்ட புனலையோ துணியையோ இந்த வேலைக்கு எடுக்கவே கூடாது, ஏனெனில் கனிம எண்ணெய் பட்டால் பிரேக்கின் ரப்பர் சீல்கள் ஊதிப்போகும். வேலை முடிந்ததும், கார் நின்றிருக்கும் நிலையிலேயே மிதி கெட்டியாக இருக்கிறதா என்று பலமுறை மிதித்துப் பார்த்த பிறகே தெருவில் இறக்க வேண்டும்.

வடித்த திரவத்தைச் சாக்கடையிலோ பெரிய வாய்க்காலிலோ ஊற்றாமல், மூடிய கேனில் அடைத்து, பழைய ஆயில் சேகரிக்கும் பணிமனையில் ஒப்படைக்கலாம். அங்கே என்ஜின் ஆயிலோடு கலக்காமல் தனியாகவே கொடுக்க வேண்டும். டின்னில் மிஞ்சிய திரவத்தை அடுத்த முறைக்கென்று அலமாரியில் எடுத்துவைப்பதிலும் பயனில்லை. ஒருமுறை மூடி திறந்த டின்னுக்குள் நம் ஊர்க் காற்று அப்போதே போய்விட்டது. ஆகவே, தேவைக்குச் சற்றே கூடுதலான அளவில் டின் வாங்கி அன்றைக்கே பயன்படுத்திவிட வேண்டும்.