தலசீமியாவும் மென்டலின் கணக்கும்

பட்டாணிச் செடிகளைக் கொண்டு பரம்பரை விதிகளைக் கண்டறிந்த மென்டலின் விகிதங்களை உயர்தர உயிரியல் மாணவர்கள் பிழையின்றியே எழுதுகிறார்கள். 1866இல் வெளியான அவருடைய கட்டுரையில் உருண்டை வித்துகள் 5474, சுருங்கிய வித்துகள் 1850 என்று வந்த எண்ணிக்கை ஏறத்தாழ 3:1 என்பதும் அவர்களுக்கு மனப்பாடம். ஆயினும் அதே மாணவர்கள் சில ஆண்டுகள் கழித்து மணமக்களாகவோ பெற்றோராகவோ குருதி அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கும் கேள்விகளைப் பார்த்தால், அந்தக் கணக்குப் பாடக்கொப்பியை விட்டு வெளியே வரவில்லை என்றே, திருகோணமலையில் ஆய்வுகூடப் பணி செய்யும் எனக்குத் தோன்றுகிறது. எனவே பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வரும் குருதி நோயான தலசீமியா ஒன்றையே எடுத்துக்கொண்டு அந்தக் கணக்கை மீண்டும் போட்டுப் பார்க்கலாம்.

செங்குழியங்களில் ஒட்சிசனைச் சுமக்கும் புரதம் ஈமோகுளோபின். வளர்ந்தவர்களில் அதன் பெரும்பகுதி இரண்டு ஆல்பாச் சங்கிலிகளாலும் இரண்டு பீட்டாச் சங்கிலிகளாலும் ஆனது. பீட்டாச் சங்கிலிக்குரிய பரம்பரை அலகு 11ஆம் நிறமூர்த்தத்தில் உள்ளது. நிறமூர்த்தங்கள் சோடிகளாக இருப்பதால் ஒவ்வொருவரிடமும் அந்த அலகின் இரண்டு பிரதிகள் உள்ளன. ஒன்று தந்தையிடமிருந்தும் மற்றது தாயிடமிருந்தும் வந்தது. ஒரு பிரதியில் மட்டும் விகாரம் (பரம்பரை அலகில் ஏற்பட்ட பழுது) உள்ளவர் காவி எனப்படுவார். அவர் பெரும்பாலும் நோயறியாமலே வாழ்ந்து முடிப்பார். இரண்டு பிரதிகளும் பழுதானால் பீட்டாத் தலசீமியா என்ற நோய் வெளிப்படும். அப்படிப்பட்ட குழந்தையும் பிறக்கும்போது நலமாகவே இருக்கும். கருப்பையில் சுரக்கும் ஈமோகுளோபினில் பீட்டாச் சங்கிலி இல்லை என்பதும், பிறந்து சில மாதங்களின் பின்னரே உடல் அதை நம்பத் தொடங்குகிறது என்பதுமே அதற்குக் காரணம்.

காவிகளான இருவர் மணந்தால், ஒவ்வொரு கருத்தரிப்பிலும் நோயுள்ள பிள்ளைக்கு 1/4, காவிப் பிள்ளைக்கு 1/2, விகாரமே இல்லாத பிள்ளைக்கு 1/4 என வாய்ப்புகள் அமையும். “மூத்ததுக்கு வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைகளுக்குப் பயமில்லை” என்று சொல்லும் பெற்றோரைப் பலமுறை சந்தித்திருக்கிறேன். தாயத்தில் முன்பு விழுந்த எண் அடுத்த உருட்டலைக் கட்டுப்படுத்தாததுபோல, மூத்த பிள்ளையின் நிலை இளையதன் நிலையைத் தீர்மானிப்பதில்லை. அதே காவித் தம்பதிக்கு நான்கு பிள்ளைகள் பிறந்து அவர்களில் ஒருவருக்குமே நோய் இல்லாதிருக்கும் வாய்ப்பு 3/4ஐ நான்கு முறை பெருக்கக் கிடைக்கும் 81/256, அதாவது ஏறத்தாழ 32 சதவீதம். ஆகவே “எங்கள் பரம்பரையில் ஒருவருக்கும் இல்லை” என்ற பதில் ஒருவர் காவி அல்லர் என்பதற்குச் சான்றாகாது.

மாணவர்கள் அதிகம் இடறும் இடம் இதற்கு அடுத்ததுதான். நோயுள்ள பிள்ளையின் நலமான அண்ணன் காவியாக இருக்கும் வாய்ப்பு எவ்வளவு என்று கேட்டால் 1/2 என்பார்கள். அவருக்கு நோய் இல்லை என்பது ஏற்கெனவே தெரிந்துவிட்டதால் சம வாய்ப்புள்ள நான்கு கட்டங்களில் ஒன்று நீங்குகிறது, எஞ்சிய மூன்றில் இரண்டு காவிக்குரியவை, விடை 2/3. இப்போது அவருக்கு மாமன் மகளைப் பேசுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நம் சமூகத்தில் மச்சாளைக் கட்டுவது புதிதல்ல, அதை இழித்துரைப்பதும் என் நோக்கமல்ல. நோயுள்ள பிள்ளையைப் பெற்ற தாய் காவி என்பது உறுதி; ஆகவே அவருடைய சகோதரனாகிய மாமன் காவியாக இருக்கும் வாய்ப்பு 1/2, மாமன் மகளுக்கு 1/4. மாமி காவி அல்லர் என்று கொண்டாலும், இத்தம்பதியின் பிள்ளைக்கு நோய் வரும் வாய்ப்பு 2/3 × 1/4 × 1/4, அதாவது 1/24. இலங்கையில் பீட்டாத் தலசீமியாக் காவிகள் சராசரியாக நூற்றுக்கு இருவர் அளவில் இருப்பதால், அதே ஆண் உறவில்லாத ஒரு பெண்ணை மணந்தால் அந்த வாய்ப்பு சுமார் 1/300 ஆகிவிடும். இருவரும் குருதிப் பரிசோதனை செய்துகொண்டால் இந்தப் பின்னங்களுக்கே தேவையிராது. ஒருவர் காவி அல்லர் என்று உறுதியானாலே சொந்தத்தில் கட்டுவதற்கு இந்த நோயின் பெயரால் தடையில்லை.

‘பின்னிடைவான’ எதிருரு, அதாவது ஒரு பிரதி மட்டும் இருந்தால் வெளிப்படாத பரம்பரை அலகு வடிவம், என்று பாடநூல் சொல்வது நோயின் மட்டத்தில்தான் பொருந்தும். காவியின் செங்குழியங்கள் நுணுக்குக்காட்டியின் கீழ் சிறுத்தும் வெளிறியும் தெரியும். முழுக் குருதிக் கணிப்பில் எம்.சி.வி. (செங்குழியத்தின் சராசரிக் கனவளவு) 80க்கும் எம்.சி.எச். (ஒரு செங்குழியத்திலுள்ள சராசரி ஈமோகுளோபின் அளவு) 27க்கும் குறைந்து காணப்படும். இரும்புச்சத்துக் குறைபாடும் இதே தோற்றத்தைத் தருவதால், மாதக்கணக்கில் இரும்புக் குளிசை விழுங்கியும் எண்கள் ஏறாதவர்கள் பரிசோதனைக்கு வருகிறார்கள். அவர்களில் ஈமோகுளோபின் ஏ2 என்ற சிறுபான்மை வகை 3.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் காவி என்று கருதுகிறோம். இரும்புக் குறைபாடும் சேர்ந்திருந்தால் ஏ2இன் அளவு தாழ்ந்து காட்டக்கூடும். அப்போது குறைபாட்டைச் சரிசெய்தபின் மீண்டும் பார்ப்பதே முறை.

இரு பழுதுகளும் ஒரே வகையாக இருக்க வேண்டியதுமில்லை. பெற்றோரில் ஒருவர் பீட்டாத் தலசீமியாக் காவியாகவும் மற்றவர் ஈமோகுளோபின் ஈ (அதே பீட்டா அலகின் வேறொரு விகாரத்தால் உண்டாகும் வகை) காவியாகவும் இருந்தாலும் பிள்ளைக்கு நோய் வரலாம். நம் நாட்டு நோயாளர்களில் கணிசமானோர் இவ்வகையினரே. 11ஆம் நிறமூர்த்தம் இலிங்க நிறமூர்த்தம் அல்லாததால் ஆண், பெண் பிள்ளைகளுக்குச் சம வாய்ப்பே உண்டு. மருமகளின் மீது மட்டும் பழி போடும் மாமியாருக்கு உயிரியலில் இடமில்லை.

மலேரியா பரவிய நிலங்களில் காவிகளுக்கு அந்நோயிலிருந்து ஓரளவு பாதுகாப்புக் கிடைத்ததால் இவ்விகாரங்கள் நிலைத்தன. 2016இல் மலேரியா அற்ற நாடாக இலங்கை அறிவிக்கப்பட்டபோதும், எதிருருக்கள் தலைமுறைகளுக்கு நம்மோடு இருக்கும்.

கடுமையான தலசீமியா உள்ள பிள்ளைக்கு மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை குருதி ஏற்ற வேண்டும். அதனால் இதயத்திலும் ஈரலிலும் தேங்கும் இரும்பை அகற்ற வாழ்நாள் முழுதும் மருந்தும் வேண்டும். மூதூரிலிருந்தோ குச்சவெளியிலிருந்தோ வரும் தாய்க்கு ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி போகும். தாயின் உயிரைக் காப்பதற்கன்றிக் கருக்கலைப்புக்கு இலங்கைச் சட்டம் இடமளிக்காததால், கருவுற்றபின் தெரிந்துகொள்வது பெற்றோருக்கு அதிகம் உதவாது. திருமணப் பதிவுக்கு முன்னரே, சாதகம் பார்க்கும் அதே வாரத்தில், இருவரும் முழுக் குருதிக் கணிப்பைச் செய்து எம்.சி.வி., எம்.சி.எச். ஆகிய இரண்டு வரிகளையும் வைத்தியரிடம் காட்டலாம்.