காப்பு மையம் எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும்?

"ஒரு பன்னாட்டு வங்கியின் டேட்டா சென்டர் வெள்ளத்தில் மூழ்கினால், அந்த நொடியில் அனுப்பிய பணம் என்னவாகும்?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

இதற்கென்றே பெரிய நிறுவனங்கள் தொடர்செயல்பாட்டுத் திட்டம் வைத்திருக்கின்றன. எந்தப் பணி முதலில் மீள வேண்டும், எத்தனை மணி நேரத்துக்குள், யார் உத்தரவிடுவது என்பதெல்லாம் அதில் இருக்கும். இதற்கு ஐ.எஸ்.ஓ. 22301 என்ற சர்வதேசத் தரநிலையே உண்டு. அந்தத் திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம், இயற்பியல் குறுக்கே வந்து நிற்கும் இடம்.

காப்பு மையம் என்பது தரவின் நகலை வேறு இடத்தில் வைத்திருக்கும் இன்னொரு டேட்டா சென்டர். ஒரு தரவுகூடத் தொலையக் கூடாது என்றால், அதுவும் எழுதி முடித்து "வந்துவிட்டது" என்று பதில் சொல்லும்வரை முதன்மை மையம் காத்திருக்க வேண்டும். அப்புறம்தான் வாடிக்கையாளருக்கு "முடிந்தது" என்று காட்டலாம். ஒளியிழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். 100 கிலோமீட்டர் போய்வர 1 மில்லிநொடி. 1,000 கிலோமீட்டர் என்றால் 10 மில்லிநொடி. சின்னத் தாமதம்தானே? ஆனால் ஒரே கணக்கைத் தொடும் பரிமாற்றங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நடக்க முடியும். ஒவ்வொன்றும் 10 மில்லிநொடி பூட்டிவைத்தால், அந்தக் கணக்கில் நொடிக்கு 100க்கு மேல் நடக்காது. எவ்வளவு பணம் கொட்டினாலும் ஒளியை அவசரப்படுத்த முடியாதே!

சரி, பக்கத்திலேயே வைக்கலாமா? ஒரே நிலநடுக்கம் இரண்டையும் சாய்த்துவிடும். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்க நிதி ஒழுங்குமுறை அமைப்புகள் குறைந்தபட்ச தூரம் விதிப்பதைப் பற்றி யோசித்தன. 2003இல் வந்த இறுதி அறிக்கையில் அப்படி எந்த எண்ணும் இல்லை.

அதனால் பலர் மூன்று மையங்கள் வைக்கிறார்கள். அருகில் இருப்பதற்காகக் காத்திருப்பார்கள்; தொலைவில் இருப்பதற்குக் காத்திராமல் அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். அருகருகே உள்ள இரண்டும் ஒன்றாக அழிந்தால் மட்டுமே, தொலைவுக்குப் போய்ச் சேராத கடைசிச் சில நொடிகள் தொலையும். எத்தனை நொடி வரை தாங்கலாம் என்பதையும் முன்பே முடிவுசெய்திருப்பார்கள்.

இதுவும் போதாது. தவறுதலாக அழித்த தரவு நகலிலும் உடனே அழிந்துவிடும். தீய மென்பொருளும் அப்படித்தான் பரவும். 2017 ஜூனில் நாட்பெட்யா என்ற தரவழிக்கும் மென்பொருள் தாக்கியபோது, மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தில் ஊழியர் அனுமதிகளைக் காக்கும் சர்வர்கள் உலகெங்கும் அழிந்தன. மின்வெட்டால் இணைப்பில் இல்லாத கானா அலுவலகத்தின் சர்வர் ஒன்றுதான் பிழைத்தது. எனவே வலையமைப்பைவிட்டுத் துண்டித்த பேக்கப் ஒன்றும் கட்டாயம் வேண்டும்.

கேபிளுக்குச் செலவழிக்கும் நிர்வாகங்கள் ஒத்திகைக்குத் தயங்குவது எனக்கு ஏற்புடையதல்ல. ஆண்டுக்கு ஒருமுறையாவது உண்மையான வேலையைக் காப்பு மையத்துக்கு மாற்றி, ஒரு வாரம் அங்கிருந்தே நடத்திவிட்டுத் திரும்ப வேண்டும்.