7 மீட்டர் கொடிக்கு 50 லிட்டர் மண்

ஜெர்மனியின் ஹாலர்டாவ் வட்டாரத்து ஹாப்ஸ் வயல்களில் கம்பிப் பந்தல் 7 மீட்டர் உயரத்தில் கட்டப்பட்டிருக்கும். ஏப்ரலில் மண்ணைவிட்டுத் தலைகாட்டும் தளிர்கள் ஜூன் இறுதிவாக்கில் அந்த உயரத்தை எட்டிவிடும். வெயிலும் ஈரமும் கூடிவந்தால் ஒரே நாளில் 30 சென்டிமீட்டர் வரைகூட வளரக்கூடிய இக்கொடி, குளிர்காலத்தில் தரைவரை காய்ந்துபோய், அடுத்த வசந்தத்தில் அடியிலிருந்து மறுபடியும் தொடங்கும். பியருக்குக் கசப்பையும் மணத்தையும் தரும் இந்தத் தாவரத்தை இங்கிலாந்தில் பலர் வீட்டு முற்றத்திலும் பால்கனியிலும் தொட்டியில் வளர்க்கிறார்கள். அவர்களுடைய கவலையெல்லாம் பெரும்பாலும் உயரத்தைப் பற்றியதாகவே இருக்கிறது. உண்மையில் உயரம் எளிதாகத் தீரக்கூடிய சிக்கல்தான், வயலில் 1.5 மீட்டருக்கும் கீழே இறங்கி நீர் தேடும் வேரைத் தொட்டிக்குள் அடைத்துவிட்டு, அந்த வேர் தானாகச் செய்திருக்கக்கூடிய வேலையை நாம் எப்படிச் செய்வது என்பதே கடினமான கேள்வி.

முதலில் கொடி ஏறும் விதத்தைப் பார்த்துவிடலாம். ஹாப்ஸுக்குப் பற்றுக்கம்பிகள் கிடையாது; தண்டே சுற்றிச் சுற்றி ஏறுகிறது. இதை நுணுக்கமாக ஆராய்ந்த சார்லஸ் டார்வின் பயன்படுத்தியதும் ஒரு தொட்டிச் செடியைத்தான். 1865-இல் வெளியான ஆய்வுக்காக, நோயுற்று அறைக்குள் முடங்கிக் கிடந்த நாள்களில், கதகதப்பான அந்த அறையில் ஒரு ஹாப்ஸ் தொட்டியை வைத்துக்கொண்டு இரவும் பகலும் அவர் கவனித்தார். இளந்தண்டின் நுனி ஒரு பக்கமாகச் சாய்ந்து வட்டமடித்துக்கொண்டே இருந்தது. வெப்பமான பகற்பொழுதில் ஒரு சுற்றுக்குச் சராசரியாக 2 மணி 8 நிமிடம் பிடித்தது. நாலரை சென்டிமீட்டர் நீளத்தில் அவர் கவனிக்கத் தொடங்கிய ஒரு கணுவிடைப் பகுதி, முதிர்ந்து அசைவற்றுப் போவதற்குள் 37 சுற்றுகளை முடித்திருந்தது. தண்டின் ஒரு பக்கத்துச் செல்கள் மறுபக்கத்தைவிடச் சற்று வேகமாக நீளுவதும், அந்த வேகமான பக்கம் தண்டைச் சுற்றி இடம் மாறிக்கொண்டே இருப்பதும்தான் இந்த அசைவுக்குக் காரணம். வழியில் ஒரு கயிறு தட்டுப்பட்டால், தொட்ட இடத்தில் தண்டு நின்றுவிட, அதற்கு மேலுள்ள நுனி மட்டும் தொடர்ந்து சுழன்று கயிற்றைச் சுற்றிக்கொள்கிறது.

மேலிருந்து பார்த்தால் ஹாப்ஸ் கடிகார முள்ளின் திசையிலேயே சுற்றும். சூரியனைப் பின்தொடர்வதால் இப்படிச் சுற்றுகிறது என்று சொல்வோருண்டு. சூரியன் வடக்குவானில் செல்லும் தென்கோளத்து டாஸ்மேனியாவிலும் அதே திசையில்தான் அது சுற்றுகிறது என்பதால், இது மரபணுவில் பதிந்த பழக்கம் என்று தெரிகிறது. ஆகவே நம் கையால் தளிரைக் கயிற்றில் ஏற்றும்போது எதிர்த்திசையில் சுற்றிவிட்டால், அது தன்னை அவிழ்த்துக்கொண்டு தொங்கும். தண்டைத் தடவிப் பார்த்தால் விரலில் சுருக்கென்று உராய்வது, அதன் விளிம்புகளில் வரிசையாக நிற்கும் நுண்மயிர்கள். ஒவ்வொன்றும் இரு முனையும் கூரான கொக்கி. வழவழப்பான நைலானில் இவை பிடிமானம் இன்றி நழுவும், சொரசொரப்பான கயிற்றில் இறுகப் பற்றும். அமெரிக்காவின் பெரிய ஹாப்ஸ் பண்ணைகள் இலங்கையிலிருந்து தென்னைநார்க் கயிற்றை இறக்குமதி செய்து பயன்படுத்துவதற்கு அதுவும் ஒரு காரணம். உயரம் குறைந்த பால்கனிக்காரர்கள் கென்ட் மாவட்டத்தின் வை கல்லூரியில் 1990-களில் உருவான ‘ஃபர்ஸ்ட் கோல்டு’ போன்ற குட்டை வகைகளைத் தேர்ந்தெடுக்கலாம். கணுவிடைகள் குறுகியிருப்பதால் இவை ஏறத்தாழ இரண்டரை மீட்டரோடு நின்றுவிடும்.

ஹாப்ஸில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பியருக்கு வேண்டிய கூம்புகளை, அதாவது கூம்பு வடிவப் பூங்கொத்துகளை, பெண் செடி மட்டுமே தருகிறது. விதை போட்டால் எது முளைக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாததால், மஞ்சளையும் இஞ்சியையும் போல மட்டநிலத்தண்டின் துண்டை நட்டுத்தான் பயிராக்குகிறார்கள். பெண் செடியின் துண்டிலிருந்து வருவது பெண் செடியாகவே இருக்கும்.

பூக்கும் காலத்தை நிர்ணயிப்பது பகலின் நீளம். கோடையின் நீண்ட பகல்களில் ஹாப்ஸ் வளர்ச்சியிலேயே முனைந்திருக்கும்; போதுமான கணுக்கள் உருவானபின், பகல் குறையத் தொடங்கும்போது பூவுக்குத் திரும்பும். லண்டனில் ஜூன் மாதத்து நீண்ட பகல் ஏறத்தாழ பதினாறரை மணி நேரம்; சென்னையிலோ ஆண்டின் மிக நீண்ட பகலே 13 மணி நேரத்தை எட்டாது. சென்னை மாடியில் வைத்த ஹாப்ஸ், குறுகிய பகலையே எப்போதும் உணர்வதால், உடம்பு தேறுவதற்கு முன்பே பூத்து, கைப்பிடிக் கூம்புகளோடு நின்றுவிடுவதற்குக் காரணம் வெப்பம் மட்டுமன்று. தென்னாப்பிரிக்காவின் ஜார்ஜ் நகரைச் சுற்றியுள்ள பண்ணைகளில், உள்ளூருக்கேற்ற வகைகள் வரும்வரை, விளக்கேற்றிப் பகலை நீட்டித்தார்கள். இதே காரணத்தால், இங்கிலாந்தில் இரவு முழுதும் எரியும் விளக்கின் கீழ் தொட்டியை வைத்தால் பூப்பது தள்ளிப்போகக்கூடும்.

இனி வேர். தொட்டி குறைந்தது 40, கூடுமானால் 50 லிட்டர் கொள்ள வேண்டும். ஓர் ஆள் உயரத்துக்கு மேல் இலை விரிந்துவிட்ட கொடி, சூடான காற்றோட்டமான நாளில் இலைத்துளைகள் வழியே இழக்கும் நீரை அந்தக் கொஞ்ச மண் ஒரே நாளில் தந்து ஓய்ந்துவிடும். வயலில் மேல்மண் காய்ந்தால் வேர் இன்னும் ஆழத்தில் உறிஞ்சும். தொட்டியில் அதற்கு ஆழமே இல்லை. எனவே ஜூலையில் தினமும், சில நாள்களில் இரண்டு வேளையும், அடித்துளை வழியே வடியும்வரை நீர் ஊற்ற வேண்டியிருக்கும்.

சிக்கல் அங்கேதான் இரட்டிக்கிறது. மண்ணிலுள்ள களித்துகள்களும் மட்கும் எதிர்மின்னேற்றம் கொண்டவை. நேர்மின்னேற்றம் கொண்ட பொட்டாசியத்தையும் மெக்னீசியத்தையும் ஓரளவு பிடித்து வைத்துக்கொள்ளும். தழைச்சத்தின் முக்கிய வடிவமான நைட்ரேட்டும் எதிர்மின்னேற்றம் கொண்டதாகையால், அதைப் பிடித்துவைக்க ஒன்றுமில்லை. ஊற்றும் நீரோடு அது வடிந்துபோகும். ஹாப்ஸ் தழைச்சத்தைப் பெருந்தீனியாகத் தின்னும் பயிர். பற்றாக்குறை வந்தால், பழைய இலைகளிலிருந்து தழைச்சத்தை எடுத்து நுனிக்கு அனுப்பிவிடும். அதனால் அடியிலைகள் முதலில் வெளுத்து மஞ்சளாகும். நோய் என்று நினைத்து மருந்து தேடுவதைவிட, நீர்த்த திரவ உரத்தைப் பூக்கும்வரை வாரந்தோறும் கொடுப்பது பயன்தரும். பூ வந்தபின் சாம்பல்சத்து மிகுந்த தக்காளி உரத்துக்கு மாறலாம். களிமண் கலந்த ‘ஜான் இன்னஸ் எண் 3’ போன்ற கலவை, வெறும் மட்கைவிடச் சத்தையும் ஈரத்தையும் நின்று தரும். கனமாகவும் இருப்பதால் காற்றில் தொட்டி சாயாது. கொடிக்கு வெயிலும் தொட்டிக்கு நிழலும் கிடைத்தால் மிக நல்லது. கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியின் வெயில் படும் சுவரோரத்தில் வேர்கள் வெந்தே போகின்றன.

இந்த வரம்புக்குள் எத்தனை தண்டுகளை விடுவது என்பதில் கஞ்சத்தனம் நல்லது. வசந்தத்தில் பத்துப் பதினைந்து தளிர்கள் கிளம்பும். அவற்றுள் முதலில் எழும் தடித்த, உள்ளீடற்ற தளிர்கள் எளிதில் முறிபவை. அவற்றை வெட்டிவிட்டு, பின்னால் வருபவற்றில் இரண்டு மூன்றை மட்டும் ஏற்றினால் போதும். முதலாண்டில் கூம்பு குறைவாகவே கிடைக்கும். அடித்தண்டு தேறுவதற்கு மூன்று ஆண்டுகள்வரை ஆகலாம்.

ஆகஸ்ட் இறுதி முதல் செப்டம்பர் வரை கூம்புகள் முதிரும். பச்சைக்கூம்பை அழுத்தினால் ஈரமாக நசுங்கும். முதிர்ந்ததோ காகிதம்போல் சலசலத்து, விட்டவுடன் பழைய வடிவுக்கு வரும். அதைப் பிளந்தால், மடல்களின் அடியில் மஞ்சள் தூள் ஒட்டியிருக்கும். லுப்புலின் எனப்படும் அந்தத் தூளில்தான் பிசினும் நறுமண எண்ணெயும் உள்ளன. பிசினிலுள்ள ஆல்பா அமிலங்கள் கொதிக்கும்போது மூலக்கூறில் அணுக்கள் அமைந்த விதம் மாறி, நீரில் கரையும் கசப்பாகின்றன. வீட்டில் விளைந்ததில் அமிலத்தின் அளவு இன்னதென்று ஆய்வகச் சோதனையின்றி அறிய முடியாது; ஆகவே கசப்புக்கு அளவு தெரிந்த கடைச்சரக்கையும், மணத்துக்கு வீட்டுக் கூம்பையும் இடுவதே நிதானமான வழி. புதுக் கூம்பில் கிட்டத்தட்ட ஐந்தில் நான்கு பங்கு நீர். அன்றன்றே பயன்படுத்தாவிட்டால் 60 டிகிரி செல்சியஸுக்குக் கீழான சூட்டில் உலர்த்தி, காற்றுப்புகாமல் உறைகுளிரில் வைக்க வேண்டும். வீட்டில் நாய் இருந்தால் கூம்பும் காய்ச்சிய சக்கையும் அதற்கு எட்டக்கூடாது. ஹாப்ஸ் நாய்களின் உடற்சூட்டை உயிருக்கே ஆபத்தான அளவுக்கு ஏற்றிவிடும்.

கூம்பு பறித்த கையோடு கொடியை அடியோடு வெட்டிவிடுவது பலரும் செய்யும் தவறு. இலைகள் பச்சையாக இருக்கும்வரை மாவுச்சத்து கீழிறங்கி வேரில் சேர்கிறது. அடுத்த ஏப்ரலில் முதல் தளிர்களுக்கு அதுதான் உணவு. முற்றிலும் காய்ந்தபின் வெட்டலாம். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை, குளிர்காலத்தின் கடைசியில், தளிர் எழுமுன் செடியைத் தொட்டியோடு கவிழ்த்து உருவினால், மண்ணே தெரியாதபடி வேர்கள் சுவரோரமாகச் சுற்றிக் கிடக்கும். வெளிச்சுற்று வேர்களைக் கூரிய கத்தியால் சீவி, அந்த இடத்தில் புதுமண் இட்டு மறுபடி நட வேண்டும். அப்போது மொட்டுகளோடு துண்டாகி விழும் மட்டநிலத்தண்டை நட்டால் அது இன்னொரு தொட்டிக்கு ஆகும்.